லித்தியமும் மனநிலையின் இரு முனைகளும்

ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், மெல்பர்னை அடுத்த பண்டூராவில் தாம் பணியாற்றிய மருத்துவமனையின் பயன்படாமல் கிடந்த சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, மிகை எழுச்சிக்கு (மேனியா) ஆளானவர்களின் சிறுநீரில் ஏதோ நச்சுப்பொருள் இருக்க வேண்டும் என்ற தமது ஊகத்தைக் கினிப்பன்றிகளிடம் சோதித்துவந்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க விரும்பினார்; அது நீரில் எளிதில் கரையாது என்பதால், லித்தியம் என்னும் உலோகத்தோடு சேர்ந்த அதன் உப்பைப் பயன்படுத்தினார். ஊசி போட்ட விலங்குகளோ, மல்லாக்கப் புரட்டிவிட்டாலும் துள்ளி எழாமல் கிடந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அமைதி என்று அவர் எண்ணியது, லித்தியத்தின் நச்சால் வந்த துவளலாகவே இருந்திருக்கலாம். ஊகம் பிழைத்தது, மருந்து பிழைக்கவில்லை: மிகை எழுச்சியில் இருந்த 10 பேருக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட முன்னேற்றத்தை 1949இல் அவர் வெளியிட்டார்.

மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும், பைபோலார் எனப்படும் இருமுனையக் கோளாற்றுக்கு, நரம்பணுக்களிடையே செய்தி சொல்லும் கடத்திகளான டோபமைன் கூடினால் எழுச்சி, செரட்டோனின் குறைந்தால் சோர்வு என்று ஒரு தராசுக் கணக்குச் சொல்லப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. டோபமைனைப் பெருக்கும் ஆம்ஃபெட்டமைன் என்னும் ஊக்கமருந்து எழுச்சியை ஒத்த நிலையை உண்டாக்குகிறது. டோபமைன் வந்து அமரும் இடங்களான ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் எழுச்சியைத் தணிக்கின்றன. ஆனால், இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பறியாமல் ஓயாது பேசியும் கைக்காசையெல்லாம் செலவழித்தும் திரிந்த அதே மனிதரைப் பிறகு படுக்கையைவிட்டு எழ முடியாதவராக்கும் நோய்க்கு, இந்தக் கணக்கு போதாது. மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலர் நேரே மறுமுனைக்குத் தாவிவிடுவதும் உண்டு.

லித்தியம் இரு முனைகளையும் மட்டுப்படுத்துகிறது. அது எப்படி என்பதற்கான முதன்மையான கருதுகோள் ஒன்று, நரம்பணுவின் வெளியே சுரக்கும் கடத்திகளைவிட்டு அணுவின் உள்ளே பார்க்கச் சொல்கிறது. கடத்தி ஓர் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், அந்தச் செய்தியை உள்ளே பெருக்கிச் சொல்ல இனோசிட்டால் பாஸ்பேட் என்னும் தூதுப்பொருள் உருவாகிறது. வேலை முடிந்ததும் அது படிப்படியாகச் சிதைந்து இனோசிட்டாலாகி, மறுபடியும் அதே வேலைக்குத் திரும்புகிறது. இந்தச் சுழற்சியின் கடைசிப் படியை நடத்தும் நொதிக்கு மக்னீசியம் தேவை. பருமனில் மக்னீசியத்தை ஒத்த லித்தியம் அயனி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சுழற்சி தளர்கிறது. அழகு என்னவென்றால், சுழற்சி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்குத் தடையும் வலுக்கும் என்பதால், அடங்கியிருக்கும் அணுவை லித்தியம் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. ஜி.எஸ்.கே.-3 என்னும் மற்றொரு நொதியையும் அது தடுக்கிறது.

சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது என்பதுதான் சிக்கல். வயிற்றுப்போக்கிலோ கோடை வியர்வையிலோ உடலின் உப்பும் நீரும் குறைந்தால், சோடியத்தோடு லித்தியத்தையும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பெரும்பாலோருக்கு உகந்த அளவு; 1.5ஐத் தாண்டினால் கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவேதான் இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக, ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள்.