ஷோவுக்கு நாலு நாள்தான் இருக்கு, தொண்டைய பாத்துக்கோங்க

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். சென்னை மியூசியம் தியேட்டர்லயோ நாரத கான சபாவுலயோ ஷோ வெச்சிருக்கிற நாடகக்காரங்க பல பேர் கடைசி வாரத்துல கரகர தொண்டையோட எங்கிட்ட வருவாங்க. பெரும்பாலும் குரல் கெடுறது ஷோல இல்லைங்க, அதுக்கு முந்தின ரிகர்சல்ல. ஆபீஸ் முடிச்சு ஓடி வந்து, யாரோ வீட்டு மொட்டை மாடியில, கீழ ரோட்ல ஹார்ன் சத்தம், அதையும் தாண்டி வசனம் கேக்கணும்னு கத்தி, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ரன் த்ரூ மேல ரன் த்ரூ, அதாவது முழு நாடகத்தையும் நிறுத்தாம நடிச்சுப் பாக்குறது.

பேசும்போது, தொண்டையில அதிர்ந்து சத்தம் உண்டாக்குற குரல் நாண் ரெண்டும் ஆம்பளைங்களுக்கு செகண்டுக்கு 100 தடவைக்கு மேல, பொம்பளைங்களுக்கு 200 தடவை கிட்ட மோதுது. கத்தினா இன்னும் பலமா மோதி வீங்கும், வீங்கினா சரியா மூடாது, காத்து வெளிய போகும், அத சமாளிக்க இன்னும் அழுத்திப் பேசுவாங்க, மறுபடி வீங்கும்.

ஒரு பொண்ணு வந்துச்சு, கிளைமாக்ஸ்ல அலறி அழுற ரோல், அந்த ஒரு சீனையே ஒரே சாயங்காலம் திரும்பத் திரும்ப ஃபுல் வாய்ஸ்ல பண்ண வெச்சிருக்காங்க. ஆன்னு நீட்டிச் சொல்லும்மான்னா நாலு செகண்ட்லயே வெறும் காத்துதான் வருது. "ரெஸ்ட் குடுக்குறேன் மேடம்"னு குசுகுசுன்னு வேற பேசுது. குசுகுசுன்னு பேசுறது ரெஸ்ட்டே இல்ல, நிறைய பேருக்கு தொண்டை இன்னும் இறுகும். சும்மா இருக்கிறதுதான் ரெஸ்ட்.

டைரக்டர்ஸ், லைட் எப்ப மாறணும்னு பாக்க, யார் எங்க நிக்கணும்னு பாக்க அரைக்குரல் போதும், தயவுசெஞ்சு அலறுற சீன ஷோவுக்கு மிச்சம் வைங்க.

பனங்கற்கண்டு பால் இதமா இருக்கும்தான், ஆனா நாம முழுங்குறது எதுவும் குரல் நாண்மேல படாது, உணவுக்குழாய் வழியா போயிடும். பகல் முழுக்க தண்ணி குடிங்க, வெறும் தண்ணியில ஆவி பிடிங்க. ரிகர்சல் முடிச்சு நடுராத்திரி பரோட்டா சால்னா சாப்டு உடனே படுத்தா ஆசிட் மேல ஏறி காலைல குரலே எழும்பாது. தொண்டைய மரத்துப்போக வைக்கிற மிட்டாய சப்பிட்டு கத்தாதீங்க, வலிதான் உங்களுக்கு இருக்கிற எச்சரிக்கை.

அலறும்போது குரல் பட்டுன்னு உடைஞ்சு போச்சுன்னா குரல் நாண்ல ரத்தம் கசிஞ்சிருக்கலாம். அந்த நிமிஷமே பேச்ச நிறுத்திட்டு அன்னைக்கே ஈஎன்டி டாக்டர பாருங்க, அவங்கள கேக்காம ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை போடாதீங்க, ரத்தக்கசிவு கூடும். ஷோ தள்ளிப்போனாலும் பரவால்ல. ஷோ முடிஞ்சு மூணு நாலு வாரமாகியும் கரகரப்பு போகலைன்னா ஈஎன்டி டாக்டர்கிட்ட ஸ்கோப் போட்டு, அதாவது கேமரா வெச்சு குரல் நாண பாத்தே ஆகணும்.