கன்கஷன்: மூளை அதிர்வும் அதன் பின் வரும் பார்வைக் கோளாறும்

'கன்கஷன்' ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தது. அதன் வேர் லத்தீனில் பலமாகக் குலுக்குதலைக் குறிக்கும் 'கொன்குத்தெரே' என்ற வினை. மண்டை உடைவதையோ இரத்தம் கசிவதையோ இச்சொல் குறிப்பதில்லை. குலுங்கியதால் மூளையின் வேலை சில நாள் குழம்புவதையே குறிக்கிறது. அதனால்தான் ஸ்கானில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. ஹெல்மெட் தலையோட்டைக் காக்கும். உள்ளே மூளை அசைவதை முற்றாகத் தடுக்காது.

தமிழில் 'மூளை அதிர்ச்சி' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அதிர்ச்சி என்றதும் துக்கச் செய்தி கேட்டவரின் நிலைதான் நினைவுக்கு வரும். இரத்த அழுத்தம் வீழ்கிற 'ஷொக்'கும் அதே சொல்லைத்தான் பிடித்திருக்கிறது. 'மூளை அதிர்வு' என்பதே சரி. 'மூளை கலங்கிப்போச்சு' என்ற பேச்சு வழக்கை அருள்கூர்ந்து தவிர்க்க வேண்டும். அது அடிபட்டவரைப் பைத்தியம் என்று சொல்வதாக முடியும்.

திருகோணமலையில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவரோ மைதானத்தில் தலை மோதியவரோ சில நாள் கழித்து, "எழுத்து ஓடுது, கண் கூசுது" என்பார். எழுத்து அட்டையில் பார்வை 6/6, அதாவது இயல்பான கூர்மையோடு இருக்கும். கண்ணில் பிழையில்லை என்று அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. அந்த அட்டை தூரத்துக் கூர்மையை மட்டுமே அளக்கிறது. கெட்டிருப்பது இரு கண்களும் சேர்ந்து இயங்கும் முறை.

கிட்டப் பார்க்கும்போது இரு விழிகளும் மூக்கை நோக்கித் திரும்ப வேண்டும். இதைக் 'குவிவு' என்றால் குவிவு வில்லையோடு குழம்பும். 'விழி ஒருங்கல்' தெளிவாக இருக்கும். சிறிய எழுத்து ஒட்டிய பேனையைக் கை நீட்டத்திலிருந்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, எழுத்து இரண்டாகும் இடம் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று அடிமட்டத்தால் மூன்று தடவை அளக்கலாம். வழக்கமாக அது 5 முதல் 6 சென்றிமீற்றருக்குள் இருக்கும். அதைவிடத் தூரத்திலேயே இரண்டானால், அல்லது ஒவ்வொரு தடவையும் தூரம் கூடிக்கொண்டே போனால், கண் வைத்தியரிடம் அந்த எண்ணையே சொல்லுங்கள். இரண்டாகத் தெரியும்போது ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும் உதவும்: மூடியதும் ஒன்றானால் சிக்கல் கண்களின் ஒத்திசைவில், மூடியும் இரண்டாகவே இருந்தால் திறந்திருக்கும் கண்ணிலேயே.

படியிறங்கும்போது மேலும் கீழுமாக இரண்டு தெரிந்தால் அது நான்காம் மண்டை நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். மெல்லிய நரம்பு, மண்டைக்குள் நீண்ட தூரம் ஓடுவதால் அடிக்கு எளிதில் ஆளாகும்.

'கண் கூச்சம்' நம் பேச்சிலேயே உள்ள அருமையான சொல். உப்புவெளி மணலில் உச்சி வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடலாம். வீட்டுக்குள்ளும் அதையே போட்டிருந்தால் கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் கூடும். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஃபோனையும் படிப்பையும் குறைக்க வேண்டும். இருட்டறையில் முடங்க வேண்டியதில்லை. பிறகு சிறிது சிறிதாகப் படிக்கலாம்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பார்த்தபடி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கிழமையிலும் பிள்ளைகளுக்கு நான்கு கிழமையிலும் தெளியும். அதற்கு மேலும் நீடித்தால் விழிப்பயிற்சி தேவைப்படலாம்.

தலைவலி ஏறிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கண்மணிகளின் அளவு வேறுபடுதல், புதிதாக இரண்டாகத் தெரிதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழையுங்கள். மின்னல் வெட்டுவதுபோல் ஒளியோ திரை இறங்குவதுபோல் மறைப்போ தெரிந்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றைக்கே கண் பிரிவுக்குப் போக வேண்டும்.

புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். கிட்டவும் தூரவும் மாறிக் குவியப்படுத்தும் 'தன்னமைவு' இறுகிப்போயிருந்தால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் அளவு காட்டும். குவியப்படுத்தும் கண் தசையைத் தளர்த்தும் துளி மருந்து விட்டு மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.