நேப்பிள்ஸில் எங்கே சாப்பிடலாம்? அடுப்பு சொல்லும்

இத்தாலியின் நேப்பிள்ஸில் இறங்கிய முதல் நாளே ஏமாந்தோம். கடலோரச் சாலை, எதிரே வெசுவியஸ் மலை, வாசலில் படம் போட்ட மெனு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்த ஒருவர். குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டோம். பீட்சா வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது. வந்தது வறட்டு அப்பளம்போல இருந்தது. ஓரத்தை ஒடித்தால் சத்தம் கேட்டது. மாமியார் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு, பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்.

மறுநாள் மதியம் பழைய நகரத்தின் நடுவே ஓடும் வியா தேய் திரிபுனாலி தெருவுக்குப் போனோம். இரண்டு பேர் ஒதுங்கி நின்றால் அடைத்துக்கொள்ளும் அகலம். இருபுறமும் பீட்சாக் கடைகள். ஒரு கடையில் அடுப்பு வாசலுக்கு நேராகவே இருந்தது. வரிசையில் நிற்கும்போது வேறு வேலை இல்லாததால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மாவு உள்ளே போனதிலிருந்து தட்டுக்கு வந்தது வரை எண்பது விநாடி. அடுத்தது எழுபத்தைந்து. அன்று மாமியார் முழு பீட்சா சாப்பிட்டார்.

கால் மணிக்கும் எண்பது விநாடிக்கும் இடையில் இருப்பது கைப்பக்குவம் மட்டும் அல்ல, இயற்பியலும்தான். அந்த ஊரில் எங்கே சாப்பிடுவது என்று யாராவது கேட்டால் நான் கடைப் பெயரைச் சொல்வதில்லை. மெனுவைப் பிறகு பாருங்கள், முதலில் அடுப்பைப் பாருங்கள் என்கிறேன்.

2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவை மரபு உணவாகப் பதிவு செய்தபோது, அது எப்படி இருக்க வேண்டும் என்பதை எண்களாகவே எழுதி வைத்தது. அடுப்பின் தரை சுமார் 485 டிகிரி செல்சியஸ், மேலே வளைந்திருக்கும் கூரை சுமார் 430 டிகிரி. வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதி அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனம். கொர்னிச்சோனே என்று அவர்கள் சொல்லும் உப்பிய ஓரம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். வீட்டு அவனை (oven) திருகக்கூடிய அளவுக்குத் திருகினாலும் 250 டிகிரிதான் கிடைக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். 485 டிகிரியில் மாவு கருகாதா?

கோடையில் வெயிலில் கிடக்கும் இரும்புக் கம்பியையும் பக்கத்திலேயே கிடக்கும் மரப்பலகையையும் தொட்டுப் பாருங்கள். இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் கம்பி சுடும், பலகை அவ்வளவாகச் சுடாது. சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் ஒட்டும்போது, ஒட்டிய இடத்தின் வெப்பநிலை இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும். எங்கே நிற்கும் என்பதில் எந்தப் பொருள் வெப்பத்தை வேகமாக அள்ளிக் கொடுக்கிறதோ அதன் பக்கம்தான் இழுபறி வெல்லும். இரும்பு அள்ளிக் கொடுக்கும். செங்கல்லோ கஞ்சன்: மேல் தோலில் இருக்கும் சூட்டைக் கொடுத்துவிடும், உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வந்து சேரும்.

ஆந்திரே வர்லமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், உணவு மானுடவியலாளர் செர்ஜியோ கிராஸோவுடன் சேர்ந்து 2018-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ரோம் நகர அடுப்பு. அங்கே சூடு குறைவு, சுமார் 330 டிகிரி. செங்கல் தரையில் 20 டிகிரி மாவு விழுந்தால், ஒட்டும் இடம் 200 டிகிரியைச் சற்றே தாண்டும். பொன்னிறமாக வேகச் சரியான சூடு. அதே 330 டிகிரியில் தரை இரும்பாக இருந்தால் ஒட்டும் இடம் 300 டிகிரியாகிவிடும், அடி கரிக்கட்டைதான். இரும்புத் தட்டு உள்ள அவனில் அடியைக் காப்பாற்ற வேண்டுமானால் சூட்டை 230 டிகிரிக்கு இறக்க வேண்டும். இறக்கினால் மேலே வேகாது, நேரம் நீளும், மாவில் இருக்கும் தண்ணீர் எல்லாம் வெளியேறும். முதல் நாள் எங்கள் தட்டுக்கு வந்த அப்பளத்தின் கதை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் 485 டிகிரியில் சாதாரண அடுப்புச் செங்கல்லும் தோற்றுவிடுமே? தோற்றுத்தான் போகும். அதே கணக்கை நீட்டிப் பார்த்தால் ஒட்டும் இடம் 300 டிகிரியைத் தொடுகிறது. நேப்பிள்ஸ் அடுப்புக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ் விரிகுடாவின் தெற்குக் கரையில், சொரெண்டோவுக்குப் பக்கத்தில் மயானோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கத்திய களிமண்ணில் கையால் செய்து சுடும் தரை ஓடுகளுக்கு பிஸ்கோத்தோ என்று பெயர். நுண்துளைகள் நிறைந்த ஓடு. செங்கல்லைவிடப் பெரிய கஞ்சன். 485 டிகிரியில் கொதித்தாலும் மாவுக்குக் கொடுப்பதை அளந்துதான் கொடுக்கும். கணக்குப் பாடம் படித்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கருகிய பீட்சாக்கள் சொல்லிக் கொடுத்திருக்கும்.

வரிசையில் நிற்கும்போது பீட்சா போடும் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். பரோட்டா மாஸ்டர் என்கிறோமே, அதே மரியாதை இவருக்கும் பொருந்தும். இவர்களுடைய கலையை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நீண்ட கம்பியின் நுனியில் சின்ன வட்டத் தகடு. அரை நிமிடம் போனதும் பீட்சாவின் ஒரு ஓரத்தை அதால் தூக்கிப் பார்ப்பார், நெருப்புப் பக்கம் இருந்த முகத்தை இந்தப் பக்கம் திருப்புவார். திருப்பிய பிறகு புது இடத்தில் வைக்க மாட்டார். எடுத்த அதே இடத்தில் வைப்பார். அந்த இடத்தின் மேல் தோல் சூட்டை ஏற்கெனவே மாவுக்குக் கொடுத்து ஆறியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளினால் 485 டிகிரி காத்திருக்கும், அடி தீய்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணத்திலேயே இந்த அதே-இடம் விதி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாஸ்டர் கண்ட இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால், ஒன்று அடுப்பில் சூடு இல்லை, அல்லது அவருக்கு அவசரம்.

அடிப்பக்கத்தின் கதை இவ்வளவுதான். மேற்பக்கத்தை வேக வைப்பது கூரை. ஓரமாக எரியும் விறகின் சுவாலை கூரையைத் தழுவியபடி வளைந்து வாசலுக்கு வருகிறது. கூரை கடுமையாகச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தைக் கொட்டுகிறது. கதிர்வீச்சுக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு: தனி வெப்பநிலையின் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் வருவது) நான்காம் அடுக்காக ஏறும். 430 டிகிரி கூரை 250 டிகிரி வீட்டு அவனைவிட மூன்று மடங்குக்கும் மேல் கொட்டும். அந்த வேகத்தில்தான் ஓரத்தில் இருக்கும் தண்ணீர் நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து, மாவு இறுகுவதற்கு முன்பே அதை ஊதிவிடுகிறது. மெதுவாகச் சூடு ஏறினால் மாவு முதலில் இறுகிவிடும், ஆவி கசிந்துவிடும், ஓரம் தட்டையாகவே நிற்கும். உப்பிய ஓரத்தில் தோல் மெலிந்த குமிழ்கள் மட்டும் சட்டென்று கறுத்து, சிறுத்தைப் புள்ளிகள் விழுகின்றன. புள்ளி நல்லது. ஓரம் முழுக்க ஒரே சீரான பழுப்பாக இருந்தால் அது நிதானமாக வெந்த பீட்சா. வேறு ஊரில் அது நன்றாகவே இருக்கலாம், ஆனால் நேப்பிள்ஸ்காரர் அதைத் தன் ஊர் பீட்சா என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்ற நான்கைத் தவிர மாவில் எதுவும் சேர்க்காததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சர்க்கரை போட்டால் இந்தச் சூட்டில் நொடியில் கருகும்.

விறகுப் புகையின் மணம் பீட்சாவில் ஏறுகிறது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புகை கூரையை ஒட்டியே வெளியேறுகிறது, பீட்சா தரையில் கிடக்கிறது, அதுவும் ஒன்றரை நிமிடம். நேப்பிள்ஸ் பீட்சாவின் மரபைக் காக்க 1984-இல் தொடங்கிய சங்கமே சில எரிவாயு, மின்சார அடுப்புகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. எரிபொருள் முக்கியம் அல்ல. தரையும் கூரையும் முக்கியம். இதே குவிமாட வடிவத்தை 79-ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்து மூடிய பழைய ரோமானிய நகரமான பொம்பேயிலும் பார்க்கலாம். உள்ளூர் ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய தூரம். அங்கே ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கருகியபடியே கிடைத்தன. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போன அன்று மாலையே பீட்சா அடுப்பைக் காட்டினால், நீங்கள் விளக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள் இருக்கின்றன. “நடுவில் வேகவே இல்லையே” என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். எங்கள் வீட்டில் மாமியார் சொன்னார். வெந்திருக்கிறது. மாவிலிருக்கும் ஸ்டார்ச் வேக 100 டிகிரிகூட வேண்டாம். ஆனால் காய்வதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை; அதனால் நடுப்பகுதி ஈரமாக, துவளும்படி இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை நான்காக மடித்துக் கைக்குட்டைபோலப் பிடித்து நடந்தபடியே சாப்பிடுவார்கள். அதே காரணத்தால் பார்சல் வேண்டாம். காயாமல் தங்கிய தண்ணீர் எல்லாம் ஆவியாகி அட்டைப் பெட்டிக்குள் படிந்து, அறைக்குப் போவதற்குள் ஊறிப்போன ரொட்டி மிஞ்சும்.

சைவர்களுக்கு மரினாரா இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். சீஸே கிடையாது. பெயரைக் கேட்டு மீன் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். மார்கெரிட்டாவில் இறைச்சி இல்லைதான்; ஆனால் அதில் போடும் மொசரெல்லா சீஸை உறைய வைக்க மரபுப்படி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். எண்ணெயில் பொரிக்கும் பீட்சா ஃப்ரித்தாவுக்குள் பெரும்பாலும் பன்றிக் கொழுப்புத் துணுக்குகள் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நேரமும் அடுப்போடு சம்பந்தப்பட்டது. கூட்டம் நெருக்கும்போது சில ரோம் மாஸ்டர்கள் சூட்டை 390 டிகிரி வரை ஏற்றி 50 விநாடியில் எடுத்துவிடுவதாக அந்த இயற்பியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அடி சற்று அதிகமாகக் கறுக்கும், மேலே இருக்கும் தக்காளி முழுதாக வேகாது. உணவு நேர நெரிசலுக்கு முன்போ பின்போ போனால் அடுப்பும் மாஸ்டரும் நிதானமாக இருப்பார்கள், பிள்ளைகளும் பசியில் அழ மாட்டார்கள். 1870-இல் தொடங்கிய தா மிக்கேலே போன்ற கடைகளில் வாசலில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அங்கே பல காலம் மரினாரா, மார்கெரிட்டா என்ற இரண்டே வகைதான். சின்ன மெனுவை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஈரம், ஒரே எடையுள்ள பீட்சா அடுத்தடுத்துப் போகும்போது அடுப்பின் சூடு தடுமாறாது.

தட்டு வந்ததும் மகள் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள், ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்து நடுவில் கடித்தாள், அலறினாள். இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து ஒன்றாக வந்தவை. ஓரம் காற்று நிறைந்த ரொட்டி, பிஸ்கோத்தோ ஓட்டைப்போலக் கஞ்சன். தக்காளிக் குழம்பு முழுக்கத் தண்ணீர், அள்ளிக் கொடுத்துவிட்டது.