‘நார்மல்’ வந்தது மாத்திரையால்தான், அக்கா

போன வாரம் மட்டும் மூன்று பேர், மூவருமே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள். மூவரும் கவுண்டரில் நின்று சொன்னது ஒன்றேதான்: “டெஸ்ட் நார்மல்னு சொல்லிட்டாங்க மிஸ், அதான் மருந்தை நிறுத்திட்டேன்.” மூன்றாவதாக வந்த அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கில் மருந்தாளர். சுற்றிலும் செம்பனை, நடுநடுவே பழைய பால்மரக் (ரப்பர்) காடு. அந்த மூன்றாவது அக்காவுக்கு 52 வயது. முன்பு பால் வெட்டியவர், இப்போது செம்பனை நாற்றுமேடையில் வேலை. தைராய்டு குறைவாகச் சுரப்பதற்காக நான்கு வருடமாக லெவோதைராக்சின் எடுத்துக்கொண்டிருந்தவர். ஃபைலைத் திறந்து பார்த்தால் கடைசியாக மருந்து வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. முகம் ஊதியிருந்தது. சளி பிடித்தவர் போல் குரல் தடித்திருந்தது. கைத்தோல் வெடித்துக் கிடந்தது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) முதல் ஆளாகப் போய் நிற்கிற அம்மா இப்போது மத்தியானம் படுத்தால் எழுந்திருப்பதில்லை, நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறார் என்று மகள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) எல்லோரும் ‘வயசாச்சு, மாதவிடாய் நிக்கிற நேரம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 60ஐத் தாண்டியிருந்தது. சாதாரணமாக அது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரைதான் இருக்க வேண்டும்.

சரி, அந்த ‘நார்மல்’ கதைக்கு வருகிறேன்.

இது காய்ச்சல் மாத்திரை மாதிரி நோயை விரட்டிவிட்டுப் போகிற மருந்து இல்லை. உங்கள் சுரப்பி செய்ய வேண்டிய ஹார்மோனையே நாங்கள் மாத்திரையாகத் தருகிறோம். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் உடனே புரியும். தைராய்டு சுரப்பி வேலையாள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, கங்காணி. டி.எஸ்.எச். என்பது அந்தக் கங்காணி போடுகிற சத்தம். ஆள் வேலை செய்யாவிட்டால் கங்காணி கத்துவார். இன்னும் செய்யாவிட்டால் இன்னும் கத்துவார். அதனால்தான் சுரப்பி குறையக் குறைய இந்த எண் ஏறுகிறது. எண் கூடியிருப்பதைப் பார்த்து ‘எனக்கு தைராய்டு கூடிப்போச்சு’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. தலைகீழ்!

மாத்திரை என்பது படுத்துவிட்ட ஆளுக்குப் பதிலாக நாம் வைக்கிற மாற்று ஆள். அவர் நிரையை ஒழுங்காக முடித்துவிடுவார், கங்காணி சத்தம் அடங்கிவிடும், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வரும். உடனே நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ‘கங்காணி கத்தலையே, இனி எதுக்கு இந்த ஆளு’ என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். பழைய ஆள் எழுந்து வந்துவிட்டாரா என்று ஒருவராவது பார்த்தீர்களா? அவர் இன்னும் படுத்துத்தான் கிடக்கிறார்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. உடம்பில் இருக்கும் அந்த ஹார்மோன், தைராக்சின், பாதியாகக் குறையவே ஒரு வாரம் போலப் பிடிக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே இருப்பீர்கள். ‘பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை’ என்று பக்கத்து வீட்டுக்கும் யோசனை சொல்வீர்கள். அப்புறம் மலச்சிக்கல், முடி கொட்டுதல், மறதி, கொலஸ்ட்ரால் ஏற்றம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதே ஞாபகத்தில் இருக்காது. போன வாரம் வந்த இன்னொருவர் கொலஸ்ட்ரால் மாத்திரை கேட்டுத்தான் வந்தார்.

சிலருக்கு நிறுத்தலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற பிறகு சில மாதம் வந்துபோகும் தைராய்டு கோளாறு உண்டு, சில மருந்துகளால் வருவதும் உண்டு. நிறுத்துவதா என்று டாக்டர் சோதித்து முடிவு செய்வார். பக்கத்து வீட்டு அக்காவும் வாட்ஸ்அப்பும் செய்யக் கூடாது. பெரும்பாலோருக்கு இருப்பது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அரித்துவிடுகிற ஹாஷிமோட்டோ வகை. 1912ல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர்தான் அதற்கு. அரித்துப்போன சுரப்பி திரும்ப முளைப்பது அபூர்வம். இது குடும்பத்தில் ஓடும், அதனால் அம்மாவுக்கு இருந்தால் மகளும் தங்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர்.

மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டால் நிறையப் பேர் கூசாமல் ‘தேயோடதான்’ என்கிறார்கள். இது வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டிய மாத்திரை. போட்டு அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தே, காப்பி, மைலோ, பசியாறுதல் எல்லாம். விடியுமுன் எழுகிற தோட்டத்துக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கண் விழித்ததும் மாத்திரை, குளித்துக் கிளம்பும்போது தே. இரவு தூங்கப் போகும்போது போட விரும்பினால், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். தைப்பூச விரதத்துக்காக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் தண்ணீரில் போடுகிற ஒரு மாத்திரைக்கு முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதை நான் இவ்வளவு பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தேயோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது. டி.எஸ்.எச். கூடிவிடும். நாற்பது பேர் காத்திருக்கும் டாக்டர் எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார். அப்புறம் என்னைப் போல் யாராவது திட்டியதும் நீங்கள் ஒழுங்காகத் தண்ணீரில் போட ஆரம்பிப்பீர்கள். இப்போது மருந்து அதிகமாகி நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அளவைக் கூட்டச் சொல்லி சீட்டு வந்தால், ‘எப்படிப் போடுறீங்க?’ என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. வளவளவென்று கேள்வி கேட்கிறாள் என்று எனக்குப் பெயர் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

பரிசோதனைக்கும் காலம் உண்டு. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். காசு கொடுத்து இரண்டே வாரத்தில் வெளியே டெஸ்ட் செய்துகொண்டு ரிப்போர்ட்டோடு சண்டைக்கு வராதீர்கள், கங்காணிக்கு இன்னும் விஷயமே எட்டியிருக்காது. எண் நிலைப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை போதும். முடி வளர, நகம் வளர என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதைச் சொல்லுங்கள். அது சில இயந்திரங்களை ஏமாற்றி டி.எஸ்.எச்.ஐக் குறைத்துக் காட்டும். இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவாவது நிறுத்த வேண்டும்.

முட்டைக்கோஸ் சாப்பிடலாம். சமைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. தைராய்டுக்கு என்று கடற்பாசி மாத்திரை விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள், அயோடின் அதிகமானாலும் சுரப்பி படுத்துக்கொள்ளும். மெலிவதற்காக இந்த மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போடாதீர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் அடுப்படி ஜன்னலிலும் மாத்திரையை வைக்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுவிடும்.

கல்யாணமான பெண் பிள்ளைகளிடம் மட்டும் திட்டாமல் கேட்டுக்கொள்கிறேன். உண்டாகியிருப்பது தெரிந்த உடனே எங்களுக்குச் சொல்லுங்கள் அம்மா. ‘கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது’ என்று மாமியார் சொன்னார் என நிறுத்திவிட்டு, மூன்றாவது மாதம் கர்ப்பக் கார்டு போட வரும்போது சொல்லாதீர்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வதற்கு உங்கள் ஹார்மோன்தான் வேண்டும், அதற்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்ய நாளாகும். லெவோதைராக்சின் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. நிறுத்துவது இருக்கட்டும், அளவையே 25 முதல் 30 சதவீதம் போலக் கூட்ட வேண்டிவரும். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும்.

ஏற்கனவே நிறுத்திவிட்டவர்கள் வீட்டில் மிச்சமிருப்பதை எடுத்துப் பழைய அளவிலேயே தொடங்கிவிடாதீர்கள், அதுவும் வயதானவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள். பல மாதம் மெதுவாக ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று முடுக்கக் கூடாது. அந்த அக்காவுக்கும் டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில்தான் மறுபடி ஆரம்பித்தார். வேலையை விட்டு வர முடியவில்லை, பஸ் இல்லை என்கிறவர்களுக்கு மாதாந்திர மருந்தை அஞ்சலில் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கவுண்டரில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அக்காவின் மாத்திரைப் பெட்டியில் பெரிய எழுத்தில் ‘எழுந்ததும், வெறும் தண்ணி, அப்புறம் தே’ என்று எழுதிக் கொடுத்தேன். சத்தம் போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். “பரவால்ல மிஸ், எங்க கங்காணியே தேவலைன்னு நெனச்சேன்” என்று சிரித்தார். ஆறாவது வாரம் இரத்தம் எடுக்கத் தேதி போட்டால், அது கோயில் திருவிழா வாரம், வர முடியாது என்றார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என்று மாற்றி எழுதி, மகளின் ஃபோன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.