ஜன்னலுக்குப் பின்னால் 31 பற்கள்

வாட்சின் டயலில், மூன்று மணி இருக்கும் இடத்தில், சின்னதாக ஒரு ஜன்னல். அதில் இன்றைய தேதி. டயலுக்கு அடியில் படுத்திருக்கும் மெல்லிய வளையம் ஒன்றில் 1 முதல் 31 வரை எல்லா எண்களும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. டயல் முப்பதை மறைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் காட்டுகிறது. வளையத்தின் உள்விளிம்பில் 31 பற்கள். நாளுக்கு ஒரு பல் நகர்ந்தால் போதும்.

இந்தத் தேதி வளையத்தை வீட்டு மேசையிலேயே மாற்றிப் பார்க்கும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. கறுப்பு டயலில் வெள்ளை வளையம் கண்ணை உறுத்துகிறது என்று கறுப்பு வளையம் போடுவார்கள். கான்ஜி எனப்படும் ஜப்பானிய எழுத்தில் எண் அச்சிட்ட வளையம் போடுவார்கள். ஒற்றை எண் ஒரு நிறம், இரட்டை எண் இன்னொரு நிறம் என்று சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் வளையமும் இருக்கிறது. 31 ஒற்றைப்படை என்பதால் 31-ம் 1-ம் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்துதான் ஆக வேண்டும்.

பெரும்பாலும் இவர்கள் கைவைப்பது என்எச்35 (NH35) என்ற, வாட்சுக்குள் ஓடும் தானியங்கி மெஷினில். சீக்கோ குழுமம் தயாரித்து மற்ற வாட்ச் கம்பெனிகளுக்கும் விற்பது. குறுக்களவு 27.4 மி.மீ., கனம் 5.32 மி.மீ. இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரம் மணிக்கு 21,600 முறை துடிக்கும். முழுதாகச் சாவி ஏறியிருந்தால் 41 மணி நேரம் ஓடும். விலை குறைவு, உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும், கெடுத்துவிட்டால் மெஷினையே புதிதாக வாங்கிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மெஷின் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, தேதி எப்படி மாறுகிறது? சின்ன முள்ளைத் தாங்கும் சக்கரம் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. அதிலேயே ஒரு விரலைப் பொருத்தி வளையத்தைத் தள்ளச் சொன்னால் நடுப்பகலிலும் தேதி மாறிவிடும். அதனால் இடையில் பல்சக்கரங்களைப் போட்டு வேகத்தைப் பாதியாக்கி, 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் ஒன்றை வைக்கிறார்கள். அந்தச் சக்கரத்தில்தான் விரல் இருக்கிறது. அது பகல் முழுக்க எதையும் தொடாமல் வெறுமனே சுற்றி வந்து, இரவு ஏறியபின் வளையத்தின் ஒரு பல்லில் முட்டித் தள்ளத் தொடங்கும்.

தள்ளினால் மட்டும் போதாது. தள்ளாத நேரத்தில் வளையம் அசையாமல் நிற்க வேண்டும், வாட்ச் கீழே விழுந்தாலும் தேதி நகரக்கூடாது. அதற்காக ஸ்பிரிங்கோடு கூடிய ஒரு சிறு நெம்புகோல், தன் மூக்கை இரண்டு பற்களுக்கு நடுவில் நுழைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஜம்பர் என்று பெயர். விரல் தள்ளத் தள்ள ஜம்பரின் மூக்கு பல்லின் சரிவில் மெல்ல ஏறும். உச்சியைத் தாண்டியதும் ஸ்பிரிங் அதை அடுத்த பள்ளத்தில் விழவைக்கும். பழைய ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க மறுப்பதைப் போலத்தான் இதுவும். பாதி தூரம் விரலின் வேலை, மீதி தூரம் ஜம்பரின் வேலை. பதினோரு மணிக்கு மேல் ஜன்னலில் எண் கொஞ்சம் நகர்ந்து நிற்பதைப் பார்த்து வாட்ச் கெட்டுப்போயிற்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரவு 9 முதல் அதிகாலை 4 வரை சாவிக் குமிழைத் திருகித் தேதியை மாற்றக் கூடாது என்று சீக்கோ கையேடுகள் எச்சரிப்பதும் இதனால்தான். அந்த நேரத்தில் விரல் பல்லோடு கோத்துக்கொண்டிருக்கும். நாம் வேறு பக்கமிருந்து வளையத்தைச் சுழற்றினால் ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் தேதிப் பகுதிச் சக்கரங்கள் பிளாஸ்டிக்.

என்எச்36 என்ற அண்ணன் மெஷினில் கிழமையும் உண்டு. கிழமைத் தட்டில் இரண்டு மொழிகளில் ஏழேழாகப் பதினான்கு பெயர்கள், நாளுக்கு இரண்டு பெயர் தூரம் நகரும். வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ 5 வாட்ச் பல வீடுகளில் இருக்கும். கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சான தட்டு அதில் உண்டு. ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும் நள்ளிரவுக்குப் பிறகு விழித்திருந்து பார்த்தால், அரபி எழுத்து எட்டிப்பார்த்துவிட்டு அப்புறம்தான் அடுத்த நாளின் ஆங்கிலப் பெயர் வந்து நிற்கும்.

இனி கழற்றும் வேலை. முதலில் நேரத்தை ஆறு மணி போல வைத்துவிட வேண்டும். விரல் பல்லிலிருந்து விலகி நிற்கும். பின்மூடியைத் திறந்து, சிறு அழுத்துபுள்ளியை அமுக்கி, சாவித் தண்டை உருவினால் மெஷின் கையில் வந்துவிடும். டயல் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நெம்பி முட்களை எடுக்க வேண்டும். டயலின் அடியில் இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவை உடையாமல் நேராக மேலே தூக்க வேண்டும். இதுவரை பொறுமை மட்டும் போதும்.

டயலை எடுத்ததும் வளையம் தெரியும். அதை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது மெல்லிய ஒரு காப்புத் தகடு. தகட்டின் திருகுகளைக் கழற்றித் தூக்கும் கணத்தில்தான் ஜம்பரின் ஸ்பிரிங் விடுதலை பெறுகிறது. மயிரிழை மாதிரியான பொருள், பறந்தால் எந்தத் திசையில் போனது என்றுகூடத் தெரியாது. அதனால் அனுபவசாலிகள் உள்ளே இருப்பது தெரியும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் மெஷினையும் கைகளையும் நுழைத்துக்கொண்டு இந்த ஒரு வேலையைச் செய்வார்கள். பறந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். வளையம் மாற்றும் காணொளிகளில் நன்றாக ஒளியூட்டப்பட்ட மேசையைக் காட்டுகிறார்கள். பையைக் காட்டுவது குறைவு.

புதிய வளையத்தை வைக்கும்போது ஜம்பரின் மூக்கைப் பல்குச்சி முனையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, வளையம் தட்டையாக உட்கார்ந்தபின் விட வேண்டும். மூக்கு பல்லின் மேலே ஏறி நிற்கும்போது தகட்டைத் திருகி இறுக்கினால் தகடு வளையும், வளையம் சிக்கும். எண்ணெய் விஷயத்தில் தாராளம் கூடாது. ஜம்பர் பல்லை உரசும் இடத்தில் இம்மி போதும். வளையத்தில் அச்சிட்ட எண்களில் எண்ணெய் பட்டால் கறை, அடியில் பரவினால் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

டயலை மூடுமுன் தண்டைச் செருகி 31 எண்களையும் ஒரு முறை ஓடவிட்டுப் பார்ப்பது கட்டாயம். வெளியார் தயாரிக்கும் வளையங்களில் சில சற்று கோணலாகவோ மை தடிப்பாகவோ இருக்கும். ஏதோ ஓர் எண்ணில் மட்டும் டயலின் அடிப்பக்கத்தை உரசும். தேதியைத் தள்ளும் நேரத்தில் மெஷினுக்கு ஏற்கெனவே கூடுதல் சுமை. உரசலும் சேர்ந்தால் வாட்ச் நள்ளிரவை ஒட்டி நின்றுபோகும். தினமும் பன்னிரண்டு மணியைத் தொட்டு நிற்கும் வாட்சில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான்.

வளையம் வாங்கும்போது பலர் இடறும் இடம் ஒன்று. சாவிக் குமிழ் மூன்று மணியில் இருக்கும் வாட்சுக்கு ஒரு வளையம், நான்கு மணிப் பக்கம் இருக்கும் வாட்சுக்கு வேறு வளையம் என்று விற்பார்கள். எண்கள் ஒன்றே, பற்கள் ஒன்றே, பிறகு என்ன வித்தியாசம்? ஜம்பர் மெஷினோடு பொருத்தப்பட்டது. வளையம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. குமிழை நான்கு மணிக்கு நகர்த்தினால் மெஷின் முழுவதும் சுழல்கிறது, ஜம்பரும் கூடவே சுழல்கிறது. ஜன்னல் மட்டும் மூன்று மணியிலேயே இருக்கிறது.

ஒரு பல்லுக்கு 360-ஐ 31-ஆல் வகுத்தால் 11.6 டிகிரி. மூன்றிலிருந்து நான்கு மணிக்கு 30 டிகிரி, அதாவது இரண்டரைப் பல் சொச்சம். முழுப் பல் கணக்கில் வராததால் ஜன்னலில் இரண்டு தேதிகள் பாதிபாதியாகத் தெரியும். சந்தையில் 3.8 மணி என்று அழைக்கப்படும், நான்குக்குச் சற்று முந்திய இடத்தில் குமிழ் இருந்தால் 24 டிகிரி. இரண்டு பல்லுக்கு 23.2 போக மிச்சம் ஒரு டிகிரிகூட இல்லை. ஜன்னலருகே அது சுமார் 0.15 மி.மீ. எண் முழுதாகத் தெரியும், ஆனால் நடுவில் நிற்காது. இதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு முடியாது, தினமும் பார்க்கிற பொருளில் 0.15 மி.மீ. பெரிய தூரம்.

ஜன்னல் ஆறு மணியில் இருக்கும் டயலுக்கு இன்னொரு சிக்கல். மூன்று மணி ஜன்னலுக்காக அச்சடித்த எண்கள் அங்கே போனால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். அதற்கு நிமிர்ந்த எண்கள் அச்சிட்ட தனி வளையம் வேண்டும்.

கடைசியாக முட்கள். மெஷினுக்கு நள்ளிரவு என்று ஒன்று தெரியாது. விரல் பல்லைத் தாண்டும் கணம் மட்டுமே அதனிடம் உண்டு. அந்தக் கணத்துக்குப் பன்னிரண்டு மணி என்று பெயர் வைப்பது முட்களைப் பொருத்துகிறவர். டயலை மாட்டியபின், முட்கள் இல்லாமலேயே குமிழை நேரம் வைக்கும் நிலையில் மெதுவாக முன்னோக்கித் திருக வேண்டும். தேதி ‘டிக்’ என்று விழுந்ததும் நிறுத்த வேண்டும். சற்று தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிக்கட்ட முயலாமல் இன்னொரு 24 மணி நேரம் சுற்றி வருவதே நல்லது. நின்ற இடத்தில் சின்ன முள்ளைப் பன்னிரண்டுக்கு நேராக அழுத்தி, அதன் மேல் பெரிய முள்ளையும் அப்படியே பொருத்த வேண்டும். நொடி முள் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, மற்ற முட்களைத் தொடாமல் சுற்றினால் போதும். மறுபடி ஒரு நாள் சுற்றிப் பார்க்கும்போது தேதி பன்னிரண்டுக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே மாறினால் இந்த விலை மெஷினுக்கு அது நல்ல வேலை.

மூடும்போது பின்மூடியின் ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்திருந்தாலும், ஒரு கடையில் அழுத்தச் சோதனை செய்யும் வரை அந்த வாட்சோடு தண்ணீரில் இறங்கக்கூடாது. அப்புறம், சில உயர்ந்த வாட்சுகளில் தேதி ஏறி இறங்காமல் நள்ளிரவில் ஒரே துள்ளலாக மாறும். நாள் முழுக்க ஒரு ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக விசை சேர்த்து வைத்து ஒரே கணத்தில் விடுகிறது. அப்படிப்பட்டதை முதல் முயற்சியாகத் திறக்க வேண்டாம். தகட்டைத் தூக்கும்போது அந்த விசை எங்கே போகும் என்பது தெரிந்தவர் கையில் அது இருக்கட்டும்.