மூன்று மில்லிமீட்டர் வளைவு: குடோன் ரேக்கை ஏன் அளந்து பார்க்க வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முன்பெல்லாம் குடோன் என்றால் தரையில் அட்டி போட்டு அடுக்கிய மூட்டைகள்தான். இப்போது அரிசி, மிளகாய் வற்றல், எவர்சில்வர் பாத்திரம், முறுக்கு சீடைப் பெட்டிகள், ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமென்ட் தரை ஓடு) எல்லாமே இரும்பு ரேக்கில் மேலேறுகின்றன. இடம் மிச்சமாகிறது. ஆனால் ஆள் தலைக்கு மேலே டன் கணக்கில் பாரம் நிற்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்கும் தூணின் தகடு சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான் என்பது அதனடியில் வேலை பார்க்கும் பலருக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று தட்டுகள், தட்டுக்கு இரண்டு பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் அடிப்பலகை), பேலட்டுக்கு 1 டன். ஓர் அறைக்கு, அதாவது இரண்டு சட்டங்களுக்கு நடுவிலுள்ள இடத்துக்கு, 6 டன் ஆகிறது. வரிசையின் நடுவில் நிற்கும் சட்டம் இடப்பக்க அறையில் பாதியையும் வலப்பக்க அறையில் பாதியையும் சுமக்கிறது. அதற்கு முன்னொன்று பின்னொன்றாக இரண்டு கால்கள்; அவைதான் தூண்கள். ஆக, ஒரு காலுக்கு 3 டன்.

மெல்லிய தகடு இதைத் தாங்குவது மடிப்புகளின் தயவால். செட்டிநாட்டு வீட்டின் பர்மா தேக்குத் தூணில் எதையாவது இடித்தால் தழும்பு விழும், அவ்வளவுதான். உள்ளே முழுக்க மரம். ரேக் தூணின் உள்ளே ஒன்றும் இல்லை. மடிப்பு நசுங்கினால் பலமும் போச்சு. பேலட்டைத் தூக்கி வைக்கும் வண்டியான போர்க்லிஃப்டின் பின்பக்கம் திரும்பும்போது தட்டி தூண் 1 சென்டிமீட்டர் உள்வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை நேராக இறங்கிய 3 டன் இனி அந்த இடத்தில் 1 சென்டிமீட்டர் விலகி இறங்கும். அந்த விலகல் தூணை வளைக்கும். வளைவு கூடினால் விலகலும் கூடும். விலகல் கூடினால் இன்னும் வளையும். தட்டிய அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பண்டிகைச் சரக்கு வந்து எல்லாத் தட்டும் நிரம்பும் நாளில் ஆகும். ஒரு தூணைப் பக்கத்து அறையும் பகிர்ந்துகொள்வதால் சரிவு ஓர் அறையோடு நிற்பதும் இல்லை.

கணித மேதை ஆய்லர் 1744இல் வெளியிட்ட தூண் சூத்திரம் இங்கே நேரடியாக உதவுகிறது. தூண் வளைந்து ஒடியாமல் தாங்கும் பாரம், அதன் பிடிமானம் இல்லாத நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். உயரமான பெட்டி வைக்க வேண்டும் என்று முதல் பீமை (தூண்களை இணைத்துத் தட்டைத் தாங்கும் குறுக்கு விட்டம்) 1.5 மீட்டரிலிருந்து 2.1 மீட்டருக்கு ஏற்றினால், ஆய்லர் கணக்குப்படி அந்தத் துண்டின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பீமைக் கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை என்பதால் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்க்காமல் எந்தப் பீமையும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ரேக்கில் தொங்கும் சுமைப் பலகையையும் மாற்றி எழுத வேண்டும்.

வளைவை எப்படி அளப்பது? 1 மீட்டர் நீள நேரான உலோக மட்டப்பலகையும் சிறு இரும்பு ஸ்கேலும் போதும். அடிபட்ட இடம் பலகையின் நடுவில் வரும்படி தூணோடு ஒட்டி வைத்து, நடு இடைவெளியை அளக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 15635 தரும் வரம்புகள்: பீம் ஓடும் திசையில் தூண் வளைந்திருந்தால் 5 மில்லிமீட்டர், முன்னும் பின்னுமாக, அதாவது பிரேசிங் (முன்காலையும் பின்காலையும் இணைக்கும் கம்பிகள்) இருக்கும் திசையில் வளைந்திருந்தால் 3 மில்லிமீட்டர், பிரேசிங் கம்பி வளைந்திருந்தால் 10 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் பச்சை: குறித்துவைத்துக் கண்காணிக்கலாம். வரம்பைத் தாண்டி இரண்டு மடங்குக்குள் இருந்தால் மஞ்சள்: இருக்கும் சரக்கை விரைவில் இறக்க வேண்டும், இறக்கியபின் பழுது பார்க்காமல் திரும்ப ஏற்றக் கூடாது, நான்கு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் அது சிவப்பாகக் கருதப்படும். இரண்டு மடங்கைத் தாண்டினால் சிவப்பு: உடனே காலி செய்ய வேண்டும். தூண் என்றால் அதன் இருபக்க அறைகளையும், மேல் தட்டிலிருந்து. தகடு கிழிந்தோ வெடித்தோ இருந்தால் ஸ்கேலையே எடுக்க வேண்டாம், அதுவும் சிவப்புதான்.

பீம் விஷயம் வேறு. 2.7 மீட்டர் பீம் முழுச் சுமையில் 13.5 மில்லிமீட்டர் வரை, அதாவது நீளத்தில் 200இல் ஒரு பங்கு, தொய்வது இயல்பு. சரக்கை இறக்கியதும் அது நிமிர வேண்டும். இரு முனைகளுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து அளந்தால், அந்தத் தொய்வில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், இங்கே 2.7 மில்லிமீட்டருக்கு மேல், மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் பீமை மாற்ற வேண்டும். பீம் முனையின் கொக்கிகள் தூணின் துளைகளில் முழுசாக இறங்கியிருக்கின்றனவா, சேஃப்டி பின் இருக்கிறதா என்பதை டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ்த்தட்டிலிருந்து பேலட்டைத் தூக்கும்போது அது மேல் பீமை இடித்துக் கிளப்பிவிடுவது உண்டு; அப்போது கொக்கி கழன்று வராமல் தடுப்பது அந்தச் சிறிய பின்தான். அதன் இடத்தில் ஆணியோ கட்டுக்கம்பியோ இருந்தால் பின் இல்லை என்றே எழுதிக்கொள்ள வேண்டும். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் பிளந்து மெல்லிய துருக்கோடு தெரிந்தால், உள்ளே வெல்டு விரிசல் விட்டிருக்கலாம்.

தூண்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். ரேக்கைப் பொருத்தும்போது அனுமதிக்கும் சாய்வு பொதுவாக உயரத்தில் 350இல் ஒரு பங்கு. 7 மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். பழைய வீட்டின் கட்டுகளையோ கூடத்தையோ ஸ்டோராக்கியிருப்பவர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை. தூணைத் தரையோடு இறுக்கும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டைப் பிடித்துத்தான் நிற்கும். பூக்கல் தரைக்கும் அடியிலுள்ள சுண்ணாம்புச் சாந்துக்கும் அந்தப் பிடி கிடையாது. அங்கே உயர ரேக்கே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

துரு இன்னொரு எதிரி. தண்ணீர் விட்டுக் கழுவும் குடோன்களில் ஈரம் பேஸ் பிளேட்டின், அதாவது தூணின் கால்தகட்டின், அடியில் தங்கும். உப்பு மூட்டை இருந்தால் அரிப்பு வேகமெடுக்கும். 2 மில்லிமீட்டர் தகட்டில் அரை மில்லிமீட்டர் போனால் கால்வாசி உலோகமே போய்விட்டது. துருவைச் சுரண்டிவிட்டு மிச்சத் தடிமனை அளக்காமல் மேலே பெயின்ட் அடிப்பது கண்ணை மறைக்கும் வேலை.

அளவுக்கு மீறிய சுமை இங்கே பெரும்பாலும் சரக்கு மாறும்போது நுழைகிறது. வற்றல் மூட்டைக்கென்று போட்ட ரேக்கில் ஆத்தங்குடிக் கல்லை ஏற்றுகிறார்கள். 8 அங்குலச் சதுரம், 2 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு கல் ஏறக்குறைய 1.8 கிலோ. 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் பேலட்டில் முக்கால் மீட்டர் உயரம் அடுக்கினாலே 2 டன்னை நெருங்கிவிடும். 1 டன் பேலட்டுக்கு வடிவமைத்த ரேக்குக்கு அது இரண்டு மடங்கு.

யார் பார்ப்பது? போர்க்லிஃப்ட் ஓட்டுபவர் தினமும் கண்ணால். பொறுப்பாகப் பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் வாரம் ஒருமுறை, வரிசை எண், தூண் எண், அளவு, தேதியோடு நோட்டில். ரேக் படித்த நிபுணர் 12 மாதத்துக்குள் ஒருமுறையாவது. இடித்ததைச் சொன்னவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் குடோனில் இதெல்லாம் நடக்காது. அங்கே நசுங்கிய தூணுக்கு முன்னால் அட்டைப்பெட்டி வந்து நிற்கும். சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்று முதலாளியே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

வளைந்த தூணைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும் கேஸ் வைத்துச் சூடாக்குவதும் கூடாது. இந்தத் தகடு குளிர் நிலையில் மடிக்கப்படும்போது கூடுதல் வலு பெறுகிறது. சூடு அந்த வலுவைப் போக்கிவிடும், தட்டினால் மடிப்பில் வெடிப்பு விழும். அதே தயாரிப்பாளரின் அதே மாடல் பாகத்தைத்தான் போட வேண்டும். வேறு கம்பெனிக் கொக்கி துளையில் நுழைந்துவிடலாம். அது பாரம் தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆண்டுச் சோதனைக்குச் சரக்கு குறைந்த காலமே ஏற்றது, ஏனென்றால் பீமின் நிலைத்த தொய்வைக் காலி ரேக்கில்தான் அளக்க முடியும். முகூர்த்தம் இல்லாத ஆடியில் சீர்ப் பாத்திரக் குடோன்களுக்கு அந்த வசதி கிடைக்கும். ஆவணிச் சரக்கு இறங்குவதற்குள் மஞ்சளும் சிவப்பும் குறித்த பாகங்கள் மாறியிருக்க வேண்டும் என்பதால், அளவெடுப்பு ஆடி முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.