சர்க்கரை நோயாளிக்கு மேல்வரிசைப் பற்கள் ஆடினால்

குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து வேலூருக்கு அனுப்பப்படும் தாடை நோயாளிகள் பலரின் கதை ஒன்றுபோலவே இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை இடையில் நிறுத்தியிருப்பார். மேல் கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கியிருக்கும். ஒன்றைப் பிடுங்கிய குழி ஆறாமலிருக்க, அடுத்ததையும் பிடுங்கி, ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து, கன்னம் மரத்துப்போன பிறகே சி.டி. ஸ்கேன் எடுத்திருப்பார்கள். காரணம், தாடை எலும்புக்குள் இறங்கிய கருப்புப் பூஞ்சை. அண்மையில் இப்படி வந்த ஒருவருக்கு மேல்தாடையில் பாதியை அகற்ற வேண்டியதாயிற்று.

"கருப்புப் பூஞ்சை கொரோனாவோடு போய்விட்டதே" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். சில மருத்துவர்களும் கேட்பதுதான் வேதனை. 2021-இல் அது பெருகியதால் செய்தியானது. அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இந்த நோயை உண்டாக்கும் மியூகார் வகைப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் மட்கும் இலைதழையிலும் எப்போதும் உள்ளன. அவற்றை நாம் அனைவரும் சுவாசிக்கிறோம். அவை எலும்புக்குள் இறங்கக் கொரோனா தேவையில்லை. கட்டுப்பாடற்ற சர்க்கரை, அதிலும் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் சேர்ந்த நிலை, போதுமானது. ஆகவே, கொரோனா வந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்ததும் இந்த நோயை ஒதுக்கிவிடாதீர்கள். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. நோயாளிக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைக்க வேண்டாம்.

பஞ்சில் துடைத்தெடுத்த மாதிரியை நம்பி முடிவு செய்யக் கூடாது. ஆழத்திலிருந்து எலும்பும் திசுவும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், அதில் பூஞ்சை வளராது, ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய சலைனில் (உப்புநீரில்) அனுப்புங்கள். எந்தப் பூஞ்சை என்று தெரிவது அவசியம். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சைக்கு முதன்மையாகத் தரப்படும் வோரிகோனசோல் மருந்து மியூகாருக்கு வேலை செய்யாது.

இரத்த ஓட்டம் அற்றுப்போன எலும்பை மருந்து எட்டாது. அதனால் செத்த பகுதியை அறுத்து நீக்கியே தீர வேண்டும். அதோடு லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் இரத்தப் பொட்டாசியத்தையும் கண்காணித்தபடி நரம்பு வழியே ஏற்றப்படும். பின்னர் போசகோனசோல் மாத்திரை பல வாரங்களோ மாதங்களோ தொடரும். புண் மூடிவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரே பக்கத்தில் மூக்கடைப்பு, கன்னத்தில் மரப்பு, அண்ணத்தில் கருத்த புண், ஆறாத பல்குழி ஆகியவற்றில் எது இருந்தாலும் மறுநாளே காட்டுங்கள். இமை இறங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, அமாவாசை போகட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திராமல், தயவுசெய்து அன்றிரவே வந்துவிடுங்கள்.